பிரின்சிபால் ரூம் சோஃபா

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. கருத்தரங்கு, ஆண்டு விழா, யாராவது பெரிய மனிதர் வந்து மரக்கன்று நட்டுவிட்டுப் போவது, எதுவானாலும் சரி, அதற்கு முன்பே ஆபீஸ் அட்டெண்டர் ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் வந்து நிற்பார். "ஸ்போர்ட்ஸ் கோட்டா பொண்ணுங்கள அனுப்பச் சொன்னாங்க, மேடம்" என்பார். பாடம் நடத்திக்கொண்டிருக்கும் மேடம் போர்டிலிருந்து திரும்பாமலேயே தலையை ஆட்டுவார். கபடி, வாலிபால், ஓட்டம், கால்பந்து என்று விளையாட்டில் சீட்டு வாங்கிச் சேர்ந்த பெண்கள் நோட்டை மூடிவிட்டு எழுந்து போவார்கள். நாற்காலி தூக்க, பெஞ்சு நகர்த்த, மேடைக்குப் பலகை சுமக்க, பேனர் கட்ட, கூட்டத்தை வரிசையில் நிறுத்த. ஏன் அவர்கள் என்று யாரும் கேட்டதில்லை. உடம்பில் தெம்பு இருக்கிறதாம். அந்தத் தெம்பு பந்து விளையாடுவதற்கு என்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நானும் அதே கால்பந்து அணியில்தான் இருந்தேன். ஆனால் நான் பிளஸ் டூ மார்க்கை வைத்துக்கொண்டு சேர்ந்தவள். அதனால் அட்டெண்டரின் அழைப்பில் நான் சேர்த்தி இல்லை. முதல் தடவை கூப்பிட்டபோது எல்லாரோடும் சேர்ந்து நானும் எழுந்தேன். "நீ எதுக்கும்மா எழுந்திருக்கிற, நீ மெரிட் ஆச்சே" என்று காமர்ஸ் மேடம் என்னை உட்காரச் சொன்னார். அதே ஜெர்ஸிதான் நானும் போடுகிறேன். அதே கட்டாந்தரையில் விழுந்து அதே மாதிரிதான் என் முட்டியும் தேய்ந்திருக்கிறது. ஆனால் நான் உட்கார்ந்து பாடம் கேட்கலாம், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் போய் நாற்காலி தூக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை. அதற்கப்புறம் யார் உட்காரச் சொன்னாலும் காதில் வாங்காமல் எழுந்து போய்விடுவேன். ஸ்டாஃப் ரூமில் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். மூன்று வருஷப் படிப்பில் நான் சொந்தமாகச் சம்பாதித்த பெயர் அது ஒன்றுதான்.

வீட்டில் அம்மாவுக்கு வேறு மாதிரிக் கவலை. மந்தைவெளியில் எங்கள் ஃபிளாட்டில் நான் காபி குடித்த டம்ளரைக்கூட எடுத்துப் போய் ஸிங்கில் போட்டது கிடையாது. "ஆத்துல ஒரு துரும்பை நகத்தறதில்லை, அங்க போய் பெஞ்சு தூக்கிண்டு நிக்கறயாக்கும்" என்பாள். வெயிலில் ஆடிக் கறுத்துப்போனதை அவள் எப்படியோ ஜீரணித்துவிட்டாள். பெஞ்சைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் கல்லூரியில் இருந்த அத்தனை பேரையும்விட என் அம்மாவுக்கு விஷயம் புரிந்திருந்தது. தன் பெண் தூக்கக் கூடாது என்பதோடு நின்றுவிட்டாள், அவ்வளவுதான்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்று சொன்னேனே, அவள்தான் எங்கள் கோல்கீப்பர். அவள் குடும்பம் முதலில் அடையாற்றின் கரையில் இருந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வீடுகளை இடித்துவிட்டு எல்லாரையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுடைய நைனா பெயிண்டிங் வேலைக்குப் போகிறவர், அம்மா ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். ஆற்றங்கரையில் இருந்தவரை தெருப் பையன்களோடு ஆடியவள், அங்கே போன பிறகு ஆட இடமில்லாமல் மாடிப்படியில் சுவரில் பந்தை அடித்துப் பிடித்துப் பழகினாளாம். அக்கம்பக்கத்துக்காரர்கள் திட்டத் திட்ட அடித்திருக்கிறாள். அதனால்தானோ என்னவோ, அருகிலிருந்து அடிக்கிற பந்தை அவள் மாதிரிப் பிடிக்கிறவளை நான் பார்த்ததில்லை. காலையில் பயிற்சிக்கு வர அவள் இருட்டிலேயே பஸ் பிடிக்க வேண்டும். நான் மந்தைவெளியிலிருந்து கொட்டாவி விட்டபடி சைக்கிளில் போய்ச் சேரும்போது அவள் ஏற்கெனவே கையுறையை மாட்டிக்கொண்டு கோல் கம்பத்துக்குக் கீழே நின்றுகொண்டிருப்பாள். "இன்னா மச்சி, இப்பத்தான் விடிஞ்சுதா உனக்கு" என்று அங்கிருந்தே கேட்பாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. யூனிவர்சிட்டி அணியில் ஓர் இடம். கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் போட்டியில் நன்றாக ஆடுகிறவர்களைப் பொறுக்கி அந்த அணியை எடுப்பார்கள். அந்த ஜெர்ஸியைப் போட்டுக்கொண்டு வெளி மாநிலத்தில் போய் ஆடிவிட்டு வந்தால், ரயில்வேயிலோ போலீஸிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பம் போடலாம். அது இல்லாமல் போட முடியாது. முதல் வருஷம் அவளுக்கு முன்னால் ஒரு சீனியர் கீப்பர் இருந்தாள். இரண்டாம் வருஷம் நாங்கள் முதல் சுற்றிலேயே தோற்று வெளியே வந்துவிட்டோம். மூன்றாம் வருஷம்தான் கடைசி வாய்ப்பு. செலக்டர்கள் சின்ன ஆட்டங்களுக்கெல்லாம் எட்டிப் பார்க்க மாட்டார்கள், ஃபைனலுக்குத்தான் வருவார்கள். ஆகவே ஃபைனலுக்குப் போக வேண்டும், அங்கே அவள் கோலில் நிற்க வேண்டும். அந்த வருஷம் எங்கள் மொத்த அணியும் ஆடியது அதற்காகத்தான்.

எங்கள் மைதானத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மைதானம் என்று பெயர்ப் பலகை வைத்திருந்தார்கள், அதனால் மைதானம் என்றே வைத்துக்கொள்வோம். பெற்றோர் கூட்டத்தன்று அது கார் நிறுத்துமிடம். கலைவிழா வாரத்தில் பஜ்ஜிக் கடை. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம். மிச்ச நாட்களில் நாங்கள் ஆடிக்கொள்ளலாம். பெனால்டி பாக்ஸுக்குள் ஜல்லிக் கற்கள் முளைத்துக் கிடக்கும். எங்கள் கீப்பர் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் குனிந்து அவற்றைப் பொறுக்கி வெளியே எறிந்துகொண்டிருப்பாள். அவள் பாய்ந்து விழ வேண்டிய இடமாயிற்றே. ஒரு தடவை மண் கொட்டித் தரும்படி கேட்டோம். தோட்டத்துக்கு மண் வந்தது. எங்களுக்கு வரவில்லை.

எங்கள் பி.டி. மேடம் நல்லவர். அவர் காண்ட்ராக்ட் வேலையில் இருந்தார், வருஷா வருஷம் புதுப்பித்தால்தான் உண்டு. அதனால் மேலிடத்தில் எதைக் கேட்பதற்கும் பயம். எங்களோடு ஓடுவார், எங்களுக்காக அழுவார், ஆனால் செயலாளர் அம்மாவின் அறை வாசலில் போய் நின்றால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். செயலாளர் அம்மா என்பவர் கல்லூரியை நடத்தும் அறக்கட்டளையின் சார்பில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவர். பட்டுப் புடவை இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. எங்கள் ஆட்டம் ஒன்றையும் அவர் பார்த்ததில்லை.

அந்த வருஷம் நாங்கள் நன்றாக ஆடினோம். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது, வேறு யாரும் சொல்லப்போவதில்லை. லீக்கில் அசோக் நகர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றை அவர்கள் மைதானத்திலேயே தோற்கடித்தோம். காலிறுதி மழையில் நடந்தது. சேற்றில் யார் எங்கள் ஆள், யார் எதிரி என்று தெரியாமல் நானே எங்கள் கேப்டன் காலில் இருந்து பந்தைப் பறித்தேன். அரையிறுதி பெனால்டி அடிக்கும் வரை இழுத்தது. கடைசிப் பந்தை எங்கள் கீப்பர் இடது பக்கம் பாய்ந்து உள்ளங்கையால் தட்டி வெளியே தள்ளினாள். நாங்கள் எல்லாரும் ஓடிப்போய் அவள் மேல் விழுந்தோம். "எந்திரிங்கடி, மூச்சு முட்டுது" என்று அடியிலிருந்து கத்தினாள். பி.டி. மேடம் வழக்கம்போல் அழுதார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கல்லூரி ஃபைனலுக்குப் போகிறது என்றார்.

ஃபைனல் தி.நகர்ப் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில். அதற்கு முந்தின நாள் எங்கள் கல்லூரியில் நிறுவனர் நாள் விழா. மைதானம் முழுக்கப் பந்தல் போட்டு ஷாமியானா கட்டிவிட்டார்கள். வளைவு வைக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று ஒரு பக்கத்துக் கோல் கம்பத்தைப் பிடுங்கிச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார்கள். அந்த வாரம் பயிற்சி இல்லை. கேப்டன் எங்களைக் கூட்டிக்கொண்டு சாந்தோம் கடற்கரைக்குப் போனாள். குப்பத்துப் பையன்கள் வலை உலர்த்தும் இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் மணலை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். எங்கள் கல்லூரி கொடுக்காததை அவர்கள் கொடுத்தார்கள்.

விழாவன்று காலை அட்டெண்டர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். அடுத்த நாள் ஃபைனல், இன்றைக்காவது விட்டுவிடுவார்கள் என்று நினைத்தோம். பி.டி. மேடம்கூட முந்தின நாள் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டிருக்கிறார். கொஞ்ச நேர வேலைதானே, பெண்களுக்கு ஒரு வார்ம்-அப் மாதிரி இருக்கும் என்று பதில் வந்ததாம். இதைச் சொன்ன வாயை நான் பார்க்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

நாற்காலிகள் எல்லாம் போட்டு முடித்த பிறகு ஒரு குறை கண்டுபிடித்தார்கள். தலைமை விருந்தினருக்கு வாடகைக்கு வந்திருந்த நாற்காலி அவ்வளவு கம்பீரமாக இல்லை. முதல் மாடியில் பிரின்சிபால் ரூமில் ஒரு தேக்கு சோஃபா உண்டு, மூன்று பேர் உட்காரக்கூடியது, சிங்கக் கால் வைத்தது. அது மேடைக்கு வர வேண்டும் என்று செயலாளர் அம்மா சொல்லிவிட்டார். பந்தல்காரர்கள் கட்டி முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அட்டெண்டர்களுக்கு வயதாகிவிட்டது, இடுப்பு வலி. ஆகவே நாங்கள்.

நான்கு பேர் தூக்கினோம். கீழ்ப்படியில் நானும் கேப்டனும், மேல்படியில் எங்கள் கீப்பரும் இன்னொருத்தியும். அந்தப் பழைய கட்டடத்துப் படிக்கட்டு பாதியில் குறுகலாகத் திரும்பும். அட்டெண்டர் கீழே நின்றுகொண்டு லெஃப்ட்டு, லெஃப்ட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார், எங்கள் லெஃப்ட்டா அவர் லெஃப்ட்டா என்று தெரியவில்லை. திரும்பும் இடத்தில் சோஃபாவின் கைப்பிடி சுவரில் மோதியது. அவளுடைய வலது கை அதற்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

அவள் கத்தவில்லை. "மச்சி, கீழ வையி, மெதுவா கீழ வையி" என்றாள். குரல் மட்டும் மாறியிருந்தது. அவள் கையை உருவியிருக்கலாம். உருவியிருந்தால் அந்த முழுக் கனமும் கீழ்ப்படியில் நின்ற எங்கள் இரண்டு பேர் மேலும் வந்திருக்கும். நாங்கள் ஒரு படி, இன்னொரு படி என்று இறக்கித் தரையில் வைக்கும் வரை அவள் நசுங்கிய கையோடு பிடித்துக்கொண்டே இருந்தாள். வைத்த பிறகுதான் படியில் உட்கார்ந்து கையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். நடு விரலும் மோதிர விரலும் என் கண் முன்னாலேயே வீங்கின.

சத்தம் கேட்டுச் செயலாளர் அம்மா வந்தார். நேராகச் சோஃபாவிடம் போனார். குனிந்து கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். பாலிஷ் போய்விட்டதா என்று அட்டெண்டரைக் கேட்டார். ஒரு துணி கொண்டுவரச் சொன்னார். அதற்கப்புறம்தான் படியில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்து என்ன ஆச்சு என்றார். நான் சொன்னேன். ஐஸ் வைக்கச் சொன்னார். இந்த மாதிரிப் பெரிய விழாவில் சின்னச் சின்னது நடக்கத்தான் செய்யும் என்றார். நான் இதில் ஒரு வார்த்தையையும் கூட்டவில்லை. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் கூட்டத் தேவைப்படாத அளவுக்கு அது ஞாபகம் இருக்கிறது.

அத்தோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. தலைமை விருந்தினர் காரிலிருந்து இறங்கி மேடைக்கு நடந்து வரும்போது, ஃபைனலுக்குப் போகும் அணி ஜெர்ஸி போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கைதட்ட வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு பக்கம் ஓர் ஆள் குறைந்தால் வரிசை கோணலாக இருக்குமாம். அவளும் நின்றாள். வலது கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இடது கையால் தன் மணிக்கட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். விருந்தினர் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். நான் எதிர் வரிசையில் நின்றேன். எனக்குக் கண் எரிந்தது. அழுகை இல்லை, ஆத்திரம்.

விழா முடிவதற்குள் அவளை இழுத்துக்கொண்டு மந்தைவெளியில் எங்களுக்குத் தெரிந்த எலும்பு டாக்டரிடம் போனேன். எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு விரலிலும் கீறல் விட்டிருக்கிறது, கட்டுப் போட்டு அசையாமல் வைக்க வேண்டும் என்றார். அவள் அவரைக் கேட்ட ஒரே கேள்வி இதுதான்: "நாளைக்கு ஒரு நாள் உட்டுட்டு அப்புறம் கட்டலாமா சார்?" டாக்டர் அவளைத் திட்டினார். போனில் அவள் அம்மா டாக்டரெல்லாம் வேண்டாம், நேராக வா, புத்தூர் கட்டுப் போட்டுவிடலாம் என்றார். அந்தக் கட்டு, இந்தக் கட்டு, எதைப் போட்டாலும் கையுறை நுழையாது. அதனால் அவள் இரண்டையும் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு விரலையும் சேர்த்து டேப் சுற்றிக்கொண்டு, எங்கள் வீட்டில் என் அம்மா கொடுத்த தோசையை இடது கையால் பிய்த்துத் தின்றுவிட்டுப் பெரும்பாக்கம் பஸ் ஏறினாள். அவள் போன பிறகு அம்மா, இவாளுக்கெல்லாம் கேள்வி கேட்க ஆளே கிடையாதா என்று என்னைக் கேட்டாள். நான் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் பி.டி. மேடம் அவளை உட்காரவைக்கத்தான் பார்த்தார். எங்களிடம் வேறு கீப்பர் கிடையாது. முதல் வருஷப் பெண் ஒருத்தியை நிறுத்தலாமா என்று யோசித்தார், அவளோ கையுறையைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. எங்கள் கீப்பர் மேடம் முன்னால் போய் நின்றாள். "மேடம், இன்னிக்கு நான் நிக்கலன்னா அப்புறம் எங்க நிக்கறது? நீங்களே சொல்லுங்க" என்றாள். மேடம் அவள் விரல் டேப்பை ஒரு தடவை சரிபார்த்தார். கையுறையை அவரே மாட்டிவிட்டார்.

நான் என் வாழ்நாளில் அன்றைக்கு மாதிரி ஆடியதில்லை. நாங்கள் ஜெயிக்க வேண்டும் என்பதெல்லாம் மறந்துவிட்டது. ஒரு பந்துகூட அவள் கைக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். என் பக்கம் வந்ததையும் தடுத்தேன், மற்றவள் பக்கம் வந்ததையும் ஓடிப்போய்த் தடுத்தேன். முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். அவளும் சும்மா நிற்கவில்லை. தரையோடு வந்த பந்துகளைக் காலால் தள்ளினாள். உயரத்தில் வந்ததை இடது முஷ்டியால் குத்தி விரட்டினாள். ஒரு தடவை முன்னால் ஓடி வந்த பெண்ணின் காலடியில் முழு உடம்போடு விழுந்து பந்தை மறித்தாள். கோட்டுக்கு வெளியே ஷாமியானாவின் கீழ் உட்கார்ந்திருந்த செலக்டர்களில் ஒருவர் அதற்குக் கை தட்டியதை நானே பார்த்தேன்.

இரண்டாம் பாதியில் ஒரு கார்னரில் அவர்கள் சமன் செய்தார்கள். அதில் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் வலது ஓரத்திலிருந்து ஒரு பந்து உயரமாக, மெதுவாக வந்தது. சாந்தோம் மணலில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அந்த மாதிரிப் பந்தை அவள் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பாள். எழும்பினாள், இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்த கையிலிருந்து பந்து நழுவிக் கீழே விழுந்தது. பக்கத்தில் நின்ற எதிரணிப் பெண் அதைக் காலால் லேசாகத் தள்ளினாள். அவ்வளவுதான். இரண்டுக்கு ஒன்று. அவள் மண்டியிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்ட ஆள் தேடுகிறவள் மாதிரி நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். திட்ட வேண்டியவர்கள் யாரும் அந்த மைதானத்துக்கு வந்திருக்கவில்லை.

பரிசளிப்பு முடிந்ததும் செலக்டர்களில் மூத்தவர் எங்கள் பக்கம் வந்தார். இரண்டு பேர் கூட வந்தார்கள். அவருக்கு எங்கள் கீப்பரைப் பிடித்திருந்தது, அது முகத்திலேயே தெரிந்தது. நன்றாக நிற்கிறாய், ஆனால் அந்தக் கடைசிப் பந்து எப்படி விட்டாய், கையில் ஏதாவது அடியா என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் பி.டி. மேடம் முந்திக்கொண்டார். பிராக்டிஸில் அடிபட்டது சார் என்றார். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று காலையில் ஆபீஸிலிருந்து அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"இல்ல சார்" என்றாள் எங்கள் கீப்பர். "சோஃபா தூக்கறப்போ நசுங்கிடுச்சு."

அவர்கள் சிரித்தார்கள். மூன்று பேருமே. பொல்லாத சிரிப்பு இல்லை, ஒரு சின்னப் பெண் வேடிக்கையாக ஏதோ சொல்லிவிட்டாள் என்று நினைத்துச் சிரித்த சிரிப்பு. வீட்டில் அம்மாவுக்கு வேலை செய்து கொடுத்தாயாக்கும் என்றார் ஒருவர். அவள் சிரிக்கவில்லை. பல்லால் கையுறையின் பட்டையைப் பிரித்து, மெதுவாக உருவி, கையை அவர்கள் முன்னால் நீட்டினாள். விரல் இரண்டும் நீலம் பாரித்துக் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. சிரிப்பு நின்றது.

மூத்தவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். இந்தக் கையோடு எதற்கம்மா இறங்கினாய் என்று அவளையே கடிந்துகொண்டார். அடுத்த வாரமே கேம்ப் தொடங்குகிறது, இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படிச் சேர்ப்பது என்றார். அப்புறம் அவள் தோளைத் தட்டிவிட்டு, "ரிஃப்ளெக்ஸ் பிரமாதம்மா. கையை நல்லா பாத்துக்கோ. அடுத்த வருஷம் கட்டாயம் எடுத்துக்கலாம்" என்றார்.

"நான் தேர்ட் இயர் சார்" என்றாள்.

"அடடா" என்றார் அவர். யாரோ டீ ஆறுகிறது என்று கூப்பிட்டார்கள், போய்விட்டார். யூனிவர்சிட்டி அணிக்கு ஜெயித்த கல்லூரியின் கீப்பரை எடுத்தார்கள். அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் கல்லூரியில் சோஃபாவை யார் தூக்குகிறார்கள் என்றுதான் எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

திங்கட்கிழமை நான் செயலாளர் அம்மாவின் அறைக்குப் போனேன். பி.டி. மேடம் வேண்டாம் என்று வராந்தா வரை பின்னாலேயே வந்து கெஞ்சினார், தன் வேலை போய்விடும் என்றார். நான் கேட்கவில்லை. உள்ளே போய் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். எல்லாரும் வாலண்டியராகத்தானே வந்தீர்கள், யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்றார். வகுப்பு வாசலில் அட்டெண்டரை அனுப்பிக் கூப்பிடுவதற்குப் பெயர் வாலண்டியரா என்று கேட்டேன். நீ மெரிட் பெண்தானே, உனக்கு இதில் என்ன வந்தது என்று திருப்பிக் கேட்டார். அவர் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார், எனக்கு அதுதான் தாங்கவில்லை. என் அப்பாவை வரச்சொல்லிக் கண்டித்து அனுப்பினார்கள். அப்பா அங்கே தலையை ஆட்டிவிட்டு, வெளியே வந்ததும் கேண்டீனில் எனக்கு ஒரு சமோசா வாங்கிக் கொடுத்தார். பி.டி. மேடத்தின் காண்ட்ராக்டை அடுத்த வருஷமும் புதுப்பித்தார்கள், அந்த மட்டும் நல்லது.

எங்கள் கீப்பருக்கு விரல் கூடியது, ஆனால் மோதிர விரல் முழுதாக மடங்காது. இப்போது தி.நகரில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறாள். நாள் முழுக்க நிற்கிற வேலை. தீபாவளிக் கூட்டத்தில் பத்துக் கைகள் ஒரே நேரத்தில் நீண்டு ஒரே புடவையை இழுக்கும்போது எதுவும் கீழே விழாமல் பிடிப்பது அவள்தானாம். சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

அந்த வருஷ ஆண்டு விழாவில் ஒன்று நடந்தது, அதைச் சொல்லிவிட்டு முடித்துவிடுகிறேன். இரண்டாம் இடத்துக் கோப்பையை மேடையில் வைத்திருந்தார்கள். செயலாளர் அம்மா மைக்கைப் பிடித்தார். நல்ல தமிழ் பேசுவார், அதில் குறை சொல்ல முடியாது. நம் கல்லூரியின் வீராங்கனை ஒருத்தி, கடும் பயிற்சியில் எலும்பு முறிந்த நிலையிலும், வலியைப் பொருட்படுத்தாமல் களத்தில் நின்றாள் என்றார். தனக்கென்று எதையும் எதிர்பார்க்காமல், இந்தக் கல்லூரியின் மானம் ஒன்றையே நெஞ்சில் வைத்துப் பாய்ந்து பாய்ந்து தடுத்தாள் என்றார். இவளைப் போன்ற தியாக உள்ளங்களை உருவாக்குவதுதான் நம் நிறுவனரின் கனவு என்றார். பெயரைச் சொல்லவில்லை. தெரிந்திருக்காது. அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். காமர்ஸ் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் கீப்பர் கழுத்தை நீட்டி மேடையைப் பார்த்தாள். அந்தக் கூட்டத்தில் அப்படி ஒருத்தி எங்கே இருக்கிறாள் என்று தேடுகிறவள் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தாள். அப்புறம் என் காதருகில் குனிந்து கேட்டாள்.

"யாரப் பத்தி மச்சி சொல்லிக்கினு கீறாங்க?"

உன்னைத்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.